அவன் விளையாடும் வரை ஆட்டுக்கு ஆயுசு

என் தம்பி மோகன்ராஜுக்குக் கிடா வெட்டுவதைப் பார்க்க ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சேவூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கருப்பராயன் கோயில் நோம்பித் திருவிழாவுக்குப் போனால், கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிக்கும்போதே அவன் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். தண்ணீர் பட்டுக் கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பும் வரைக்கும் யாரும் அரிவாளைத் தொடமாட்டார்கள். "குளுந்த தண்ணிய மேல ஊத்துனா யாரா இருந்தாலும் சிலுப்பத்தான் செய்வாங்க" என்று பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே சொன்னவன் அவன். அதற்காக எங்கள் மாமாவிடம் தலையில் ஒரு குட்டும் வாங்கினான்.

அதே மோகன்ராஜ்தான் ஃபோனில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுவான். ஏதோ ஒரு தீவில் குதித்து, எதிரே வருகிறவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளிவிட்டு, கடைசி ஆளாக நிற்க வேண்டிய விளையாட்டு. அவன் குறி வைத்தால் தப்பாது என்று கூட விளையாடுகிறவர்கள் சொல்வார்கள். இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்க முடியும் என்பது எங்கள் அம்மாவுக்குப் புரியவில்லை. அதில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அம்மா பெயர் வேலாத்தாள். அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அம்மாவும் மோகனும் இருக்கிறார்கள். என்னைக் கட்டிக் கொடுத்தது அடுத்த வீதி. நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். மோகன் நிட்டிங்கில். நூலைத் துணியாக்கும் வட்ட மெஷின்கள் வரிசையாக ஓடும் கூடத்தில் அவனுக்கு வேலை. நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்று தலையில் சிவப்பு விளக்கு எரியும். ஓடிப் போய் நூலை முடிந்து ஓட்டிவிட வேண்டும். ஊசி ஒன்று உடைந்தாலும் துணியில் நெடுகக் கோடு விழும். அந்த மாதிரிக் கோட்டைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. அவன் ஓட்டிய துணி எங்கள் கம்பெனிக்கும் வந்திருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, வழக்கமாகப் பார்ப்பதை விட இரண்டு மடங்கு நேரம் பார்த்திருக்கிறேன். ஒரு கோடு கிடையாது.

அந்தக் கூடத்தில் பேச முடியாது. அத்தனை மெஷின் சத்தம். சாப்பாட்டுக்குப் போகலாமா என்பதைக்கூட வாயில் கை வைத்துக் காட்டித்தான் கேட்பார்கள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவன் தலை, புருவம், சட்டை எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். குளித்துவிட்டுச் சாப்பிடுவான். பிறகு காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அறைக்குள் போவான். அப்போதுதான் அவன் வாயிலிருந்து அன்றைக்குப் பேச்சு வரும்.

அந்தப் பேச்சுதான் அம்மாவைக் கலக்கியது.

"தலைக்குப் போடுங்க, தலைக்குப் போடுங்க. உடாதீங்க, கொன்னுருங்க" என்பது கதவுக்கு வெளியே கேட்கும். டி.வி.யில் வேறு, இந்த மாதிரி விளையாடியே ஒரு பையன் புத்தி கெட்டுப் போனான் என்று யாரோ உட்கார்ந்து விவாதம் செய்துகொண்டிருப்பார்கள். அம்மா டி.வி.யைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார்.

"ஏனம்மா, 'கொன்னுருங்க'ன்னு மரியாதையாத்தானே சொல்லறான்" என்று நான் சிரித்தேன்.

"உனக்கு எல்லாம் வெளையாட்டு" என்றார் அம்மா. சிரிக்கவில்லை.

அம்மாவின் பயம் ஃபோனைப் பற்றியதல்ல என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா கை நீட்டுகிற ஆள். இப்போது அவர் இல்லை. அவர் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் சத்தம் வந்தால் அதன் பின்னாலேயே அடி வரும். சோற்றுத் தட்டு பறக்கும். அந்த வீட்டில் வளர்ந்த பையன் கதவைச் சாத்திக்கொண்டு 'கொல்லு' என்று சொன்னால் ஒரு தாய்க்கு வேறு எது ஞாபகம் வரும்? அம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் அம்மா ஒரு காரியம் செய்தார். கருப்பராயனுக்கு நேர்ந்துகொண்டார். "என்ற பையன் அந்தத் துப்பாக்கி ஆட்டத்த உட்டுட்டான்னா உனக்கு ஒரு கெடா வெட்டறேன் சாமி." நேர்ந்ததோடு நிற்காமல், சேவூரிலிருந்து ஒரு குட்டியையும் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் கட்டிவிட்டார். கருப்புக் குட்டி, நெற்றியில் மட்டும் வெள்ளை.

எதற்கு ஆடு என்று மோகன் கேட்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அது அவன் சட்டையை நக்கும். உப்புக்கு நக்கியதோ பஞ்சுக்கு நக்கியதோ தெரியாது. முழுச் சட்டையையும் நக்கி முடிக்கும் வரை அவன் அசையாமல் நிற்பான். அகத்திக் கீரை வாங்கி வருவது அவன் வேலை என்றானது. குட்டி கிடாவாக வளர்ந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா விஷயத்தைச் சொன்னார். நானும் இருந்தேன். கீரையைக் கட்டிக்கொண்டிருந்த மோகன் கையை நிறுத்தினான்.

"அப்ப நான் வெளையாடறத உட்டா இதைய வெட்டீருவீங்களா?"

"ஆமா கண்ணு. நேந்தது."

"நான் உடலைன்னா?"

"உடலைன்னா எப்படி வெட்டறது? நேந்தது நடந்தாத்தான குடுக்கோணும்."

அவன் கொஞ்ச நேரம் ஆட்டைப் பார்த்தான். "அப்பச் சரிங்கம்மா. நான் வெளையாடற வரைக்கும் இதுக்கு ஆயுசு" என்று சொல்லிவிட்டு ஹெட்ஃபோனைத் தேடி உள்ளே போனான்.

சந்து முழுக்க இது சிரிப்பாகிவிட்டது. அவன் வேலைக்குக் கிளம்பினால், "மோகனு, இன்னிக்கு ஆட்டத்த மறந்தறாத, ஆடு பாவம்" என்று பட்டறைக்காரர்கள் சத்தம் போடுவார்கள். அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆட்டுக்குத் தண்ணி காட்டும்போதெல்லாம் அவர் முகம் வாடிவிடும்.

எங்கள் மாமா பொங்கியண்ணன், அம்மாவின் அண்ணன், நோம்பியில் கிடா வெட்டுகிறவர். அவர் ஒரு நாள் வந்தபோது மோகனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, ஃபோனுல ஊரையே சுட்டுத் தள்ளறயாமா. ஒரு கெடா வெட்டறதுக்குக் கண்ண மூடிக்கற. நீயெல்லாம் என்ன வீரன்டா?"

"வீரனெல்லாம் இல்லீங்க மாமா."

"அப்பறம் எதுக்கு அதைய வெளையாடற?"

"நல்லா இருக்குதுங்க. பகலெல்லாம் மெஷின் ஓடுனா நான் நிக்கோணும், மெஷின் நின்னா நான் ஓடோணும். அதுல நான் எங்க ஓடறதுன்னு நானே முடிவு பண்ணறேன். கூட நாலு வார்த்த பேசறதுக்கு ஆளும் இருக்குது."

"பேசறதுக்குச் சுடோணுமா?"

"சுடறதும் புடிச்சுத்தானுங்க இருக்குது. பொய் சொல்லலீங்க. குறி தப்பாம உழுந்தா மனசுக்கு ஒரு இதா இருக்கும். ஆனா அங்க செத்தவன் அடுத்த ஆட்டத்துக்கு வந்து நிப்பானுங்க மாமா. 'நேத்து என்னையச் சுட்டியே'ன்னு சிரிப்பான். இந்த ஆடு அப்படி வராதுங்களே."

மாமா அம்மாவைப் பார்த்தார். "கேட்டியா வேலாத்தா, பேச்ச?"

அம்மா சொன்னார், "கையில ஆயுதம் எடுத்துப் பழகுனா அது எங்க போயி நிக்குமோன்னு எனக்கு பயமா இருக்குதுங்க அண்ணா."

"கருப்பராயனும் அரிவாள ஓங்கிட்டுத்தான் நிக்கறாருங்கம்மா. அவரு இதுவரைக்கும் யாரைய வெட்டுனாரு?" என்றான் மோகன். மாமா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருசம் நோம்பி நெருங்கியபோது அம்மா மெலிந்து போனார். தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிரஷர் ஏறியிருக்கிறது என்றார்கள். "மனசுல எதையும் வெச்சுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்ததும் மோகன், "எதைய வெச்சிட்டிருக்கறீங்க?" என்று கேட்டான். அம்மா அவன் முகத்தை மட்டும் பார்த்தார். அவன் ஃபோனை எடுத்து, அம்மா கண் முன்னாலேயே அந்த விளையாட்டை அழித்துவிட்டான்.

"உட்டுட்டனுங்கம்மா."

அம்மா அந்த இடத்திலேயே சேவூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்கு ஃபோன் போட்டார். வருகிற நோம்பிக்குக் கிடா என்று முடிவானது.

பிறகு மோகன் வேலைக்குப் போனான், வந்தான், ஆட்டுக்குச் சட்டையைக் கொடுத்துவிட்டு நின்றான், குளித்தான், சாப்பிட்டான், படுத்தான். பேச்சு இல்லை. அம்மாவுக்குச் சோறு இறங்கியது. ஆனால் வீட்டில் சத்தமே இல்லாமல் போனதும் அவருக்குப் பிடிபடவில்லை. "ஏன் பேசமாட்டீங்கறான்?" என்று என்னிடம் கேட்டார். "யார்கிட்டம்மா பேசுவான்?" என்றேன்.

நோம்பிக்கு முந்தின நாள் அவனுக்கு வார லீவு. மாமா காலையிலேயே வந்துவிட்டார். அம்மா ஆட்டைக் குளிப்பாட்டக் கயிற்றை அவிழ்த்தார். அந்த நேரம் பார்த்துச் சந்துக்குள் நுழைந்த தண்ணி லாரி ஹாரனை அடித்தது. கயிறு அம்மா கையை உரசிக்கொண்டு போனது. ஆடு மிரண்டு ஓடிவிட்டது.

அறைக்குள் இருந்த மோகன் ஓடி வந்தான். மாமா வாசலிலேயே அவனை மறித்தார். "நீதான எங்கியோ ஓட்டி உட்டுட்ட? நெசத்தச் சொல்லு."

"இல்லீங்க மாமா."

"நேந்த ஆட்ட ஒளிச்சு வெச்சா குடும்பத்துக்கு ஆகாதுடா."

"ஒளிக்கோணும்னா இத்தன நாள் வாசல்ல கட்டி வெச்சிருக்க மாட்டனுங்க. அக்கட்டால மெயின் ரோடு. லாரியில அடிபடறதுக்குள்ள தேடோணும். நீங்க ரோட்டோரமா நின்னு பாருங்க." அவன் குரல் உயரவேயில்லை.

உடனே ஃபோனை எடுத்து இரண்டு பேரைக் கூப்பிட்டான். ஒருவர் கியாசுதீன். லேபிளும் பட்டனும் விற்கும் கடை வைத்திருக்கிறார். இன்னொருவன் தமிழ்செல்வன், தெற்கே இருந்து வந்து அயர்னிங்கில் வேலை செய்கிறவன். இருவரும் அவன் கூட விளையாடுகிறவர்கள். இருவரையும் அம்மா பார்த்தது கிடையாது. கதவுக்கு வெளியே 'கொன்னுருங்க' என்று கேட்ட பேச்சின் மறுமுனையில் இருந்தவர்கள் இவர்கள்தான். மோகன் எல்லோரையும் ஒரே ஃபோன் காலில் சேர்த்து, அம்மாவின் ஃபோனையும் அதில் சேர்த்து, ஸ்பீக்கரில் போட்டு அம்மா கையில் கொடுத்தான். "ஆடு திரும்பி ஊட்டுக்கு வந்தா சொல்லுங்க" என்று வண்டியைக் கிளப்பினான். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கியாசு, நீங்க பட்டறைச் சந்து. செல்வா, நீ பள்ளத்துப் பக்கம். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போறேன்."

"அண்ணே, இங்கிட்டு ஒண்ணும் இல்ல. ஒரு வெள்ளாடு நிக்குது, ஆனா அது பொட்ட" என்றான் தமிழ்செல்வன்.

"அதைய உட்டுட்டு வா."

"நான் அதக் கூட்டிட்டு வரல, கண்ணுல பட்டதச் சொன்னேன்."

அம்மா ஃபோனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "கண்ணுங்களா, நெத்தியில வெள்ள இருக்கும். இப்பத்தான் கீரை தின்னுது, இலை தழைக்குப் போகாது. பஞ்சுக்குத்தான் போகும். தெனமும் இவன் சட்டையைத்தான் நக்கும்."

பிறகு கியாசுதீன், "அம்மா, எங்க கடைக்குப் பொறகால ஒரு கட்டிங் வேஸ்ட் குடோன் இருக்குதுங்க. துணித் துண்டெல்லாம் மூட்ட மூட்டயாக் கெடக்கும். அங்க பாக்கறனுங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் தாழ்ந்து வந்தது. "இங்கதான் இருக்குதுங்க. ரெண்டு மூட்டைக்கு நடுவுல மாட்டிட்டு நிக்குது. ஆனா முன்னால நாலஞ்சு நாய் சுத்தி நிக்குதுங்க. கல்லெடுத்து வீசட்டுங்களா?"

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"வேண்டாமுங்க. யாரும் கல்லெடுக்காதீங்க" என்றான் மோகன். அறைக்குள் 'கொன்னுருங்க' என்று சொன்ன அதே குரல். "நாய் மெரண்டா ஆட்டு மேல பாயும். ஆடு மெரண்டா ரோட்டுக்குப் பாயும். பதறாதீங்க. பக்கத்துல டீக்கடை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"பன்னு வாங்கி நாய்க்குத் தள்ளிப் போடுங்க. ஒட்டுக்காப் போட்டறாதீங்க, ஒண்ணொண்ணா, தூரமாத் தூரமாப் போடுங்க. செல்வா, நீ குடோன் கேட்டு வாசல்ல நின்னுக்க. நான் பின்பக்கச் சுவரேறி வாறேன்."

"கடையில பன்னு பத்தாதாட்ட இருக்குதுங்க. தேங்கா பன்னு இருக்குது, வாங்கட்டுங்களா?"

"நாய்க்கு என்னங்க, எதா இருந்தாலும் போடுங்க."

பிறகு பேச்சு இல்லை. நாய்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மூட்டை சரிகிற சத்தம். "வா கண்ணு, வா. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று மோகன் சொன்னது கேட்டது. ஆட்டிடம்தான் சொல்கிறான் என்று தெரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கெடச்சிருச்சுங்கம்மா, பயப்படாதீங்க. மூக்குல மட்டும் சின்னக் கீறல்" என்றார் கியாசுதீன்.

மூவரும் வந்தார்கள். மோகன் ஆட்டைத் தோளில் போட்டிருந்தான். சுவரேறியதில் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்திருந்தது. அம்மா ஆட்டைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். அவன் குடித்து முடித்த பிறகுதான் அம்மா பேசினார்.

"உங்கப்பனா இருந்தா இந்நேரம் அந்த நாயக் கொன்னிருப்பான். ஆட்டையும் அடிச்சிருப்பான். கயித்த உட்டதுக்கு எனக்கும் உழுந்திருக்கும்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா இத்தனை வருசத்தில் முதல் முறையாக அதை ஆட்கள் முன்னால் சொன்னார்.

பிறகு தமிழ்செல்வன் பக்கம் திரும்பினார். "ஏன் கண்ணு, வெளையாடும்போதும் இப்பிடித்தான் பேசிக்குவீங்களா?"

"ஆமாம்மா, இதே மாதிரிதான். அங்க தேங்கா பன்னு மட்டும் கிடைக்காது."

அம்மா சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

"அந்த ஆட்டத்த மறுக்கா ஃபோனுல ஏத்து" என்றார் மோகனிடம்.

அவனுக்குப் புரியவில்லை. "எதுக்குங்கம்மா? உட்டுட்டேன்னு சொன்னனுங்களே."

"ஏத்து. நான் பாக்கோணும்."

மூவரும் வாசலிலேயே உட்கார்ந்து விளையாடினார்கள். அம்மா மோகனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். விட்டு நாளாகியிருந்ததால் அவன் சீக்கிரமே விழுந்துவிட்டான்.

"செத்துட்டியா?"

"செத்துட்டனுங்க."

"இப்ப என்ன பண்ணுவ?"

"இவங்க ரெண்டு பேரும் முடிக்கற வரைக்கும் காத்திருப்பனுங்க. அப்பறம் மறுக்கா வருவனுங்க."

அம்மா ஆட்டைத் திரும்பிப் பார்த்தார். அது மோகனின் முதுகில் ஒட்டியிருந்த குடோன் பஞ்சை நக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் எல்லோருமாகக் கோயிலுக்குப் போனோம். ஆடும் வேனில் வந்தது. மாமா வழியெல்லாம், "நேந்தத மாத்தக் கூடாது வேலாத்தா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "மாத்தலீங்க அண்ணா. அவன் ஆட்டத்த உட்டாத்தான் கெடான்னு நேந்தேன். அவன் நேத்து மறுக்கா ஏத்திட்டான், உடலீங்களே" என்று அம்மா ஒரே பதிலைச் சொன்னார். மாமாவுக்கு அதில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கருப்பராயன் முன்னால் அம்மா ஆட்டை நிறுத்தினார். "சாமி, இவனுக்காகக் கேட்டு உன்கிட்ட வந்தேன். இவன் யாருன்னு நீ எனக்குக் காட்டிட்ட. எனக்கு அது போதும். இந்த ஆட்ட உயிரோட உன் பேருல உட்டறேன். உனக்குச் சம்மதம்னா சொல்லு" என்று கேட்டுவிட்டு, பூசாரியைப் பார்த்துத் தலையசைத்தார். பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார்.

ஆடு சிலுப்பவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பூசாரி இன்னொரு முறை தெளித்தார். ஆடு காதை மட்டும் ஆட்டியது. மாமா தொண்டையைச் செருமினார். இந்த முறை மோகன் வேனுக்குள் போகவில்லை. ஆட்டின் பக்கத்திலேயே நின்றான். மூன்றாவது முறை தண்ணீர் விழுந்ததும், ஆடு மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பியது. பக்கத்தில் நின்ற மாமாவின் வேட்டியெல்லாம் மஞ்சள்.

"உத்தரவு கெடச்சிருச்சுங்க" என்றார் பூசாரி.

"குளுந்த தண்ணி ஊத்துனா யாரா இருந்தாலும் சிலுப்புவாங்கன்னு ஒருத்தன் சொன்னானே" என்றார் மாமா, வேட்டியை உதறிக்கொண்டே.

"இன்னிக்கு அப்பிடி இல்லீங்க மாமா. இன்னிக்கு சாமிதான்" என்றான் மோகன்.

ஆடு இப்போதும் அம்மா வீட்டு வாசலில்தான் இருக்கிறது. கழுத்தில் ஒரு மணி கட்டியிருக்கிறோம். மோகன் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கொடுத்து நின்று, குளித்துச் சாப்பிட்டு, அறைக்குள் போகிறான். கதவைச் சாத்துவதில்லை. 'தலைக்குப் போடுங்க' என்று அவன் குரல் வந்தால், அம்மா கீரை ஆய்ந்தபடியே, "கியாசு சாப்பிட்டாரான்னு கேளு" என்று சத்தம் கொடுக்கிறார். அவனும் கேட்டுச் சொல்கிறான். ஆஸ்பத்திரியில் அம்மாவின் பிரஷர் மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள்.

அந்த மாதிரி விளையாட்டை எல்லோரும் விளையாடலாமா, எந்த வயதில் விளையாடலாம் என்றெல்லாம் சொல்ல எனக்குத் தெரியாது. என் மகள் கேட்டால் இன்னும் கொஞ்சம் பெரியவளாகட்டும் என்றுதான் சொல்வேன். என் தம்பியைப் பற்றி மட்டும் தெரியும். அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவன் அவன். அந்த அடியை அவன் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை. சத்தம் வந்தால் நடுங்குகிற வீட்டை, சத்தம் வந்தால் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிற வீடாக ஆக்கினான். இப்படி ஒருவனை எனக்குப் பின்னால் பெற்றுக் கொடுத்த அம்மாவுக்கும், அவன் பேசுவதற்குத் துணையாக இருக்கும் அந்த இரண்டு பேருக்கும் நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். கருப்பராயனுக்கு நோம்பிக்கு நோம்பி பொங்கல் வைக்கிறேன். ஆடும் கூட வருகிறது. தண்ணீர் தெளிக்கிறவர்கள் பக்கம் மட்டும் அது போவதில்லை.